வழியனுப்பாத வீடு

1

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள்:

வதீம் சேர். வீட்டுக்காரர். ரஷ்யாவிலிருந்து வந்தவர். புத்தகம் மொழிபெயர்ப்பது தொழில்.

லாடா. அவர் மகள். ஒன்பது வயது.

மிலோஷ். சேரின் கூட்டாளி. சேர்பியாக்காரர். துபாயில் பிளாட் விற்கிறார்.

மூலையில் மரச்சாமி. என் தோள் உயரம். மீசை, தாடி, பெரிய கண். கஸ்டம்ஸில் அலங்காரச் சாமான் என்று எழுதிக் கொடுத்து எடுத்தது.

நான். ராஜேஸ்வரி. எல்லாருக்கும் ராஜி. அந்த வீட்டில் சமையலும் பிள்ளையும் என் பொறுப்பு. என்னையும் உட்காரச் சொன்னார்கள். அடுப்பு இருக்கும் குசினி வாசலில் நின்றேன்.

வேரா மேடம். சேரின் மனைவி. அவருக்கு ஒரு நாற்காலி, ஒரு தட்டு, ஒரு கிளாஸ் தண்ணீர். அவர் செத்து அன்றோடு ஒரு வருஷம்.

ஷார்ஜாவில் முவைலா. ஏழாம் மாடி. பொழுது சாய்கிற நேரம். பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. ஜன்னலைத் திறந்து ஒரு வெள்ளைத் துண்டைப் பாதி வெளியே, பாதி உள்ளே தொங்கவிட்டார் சேர். வருகிறவர் முகம் துடைக்க அது. வெளியே இருந்த புழுக்கமெல்லாம் உள்ளே வந்தது. ஏசி முனகியது.

கோதுமை அவித்துத் தேன் விட்டிருந்தேன். பிளினி சுட்டிருந்தேன், நம் தோசைக்கும் அப்பத்துக்கும் நடுவில் ஒன்று. முதலில் சுட்டது இறந்தவருக்கு. அதை நாலாவது தட்டில் வைத்தார்கள்.

மிலோஷ் சின்ன மேளம் ஒன்றைத் தட்டினார். விரலால் தான்.

"போன தடவை கீழ் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்" என்றார் என்னைப் பார்த்து. "பிள்ளைக்குப் பரீட்சையாம். அதனால் சாமிகளே, சத்தம் போடாமல் வாருங்கள்."

சேர் எழுந்து நின்று அழைக்கிற வரிகளைச் சொன்னார். முதலில் அவர் பாஷையில். பிறகு அவர் எழுதின இங்கிலீஷில். வேரா என்ற பெயர் மட்டும் எனக்குப் பிடிபட்டது.

சொல்லி முடித்ததும் யாரும் அசையவில்லை. லாடா மட்டும் கை நீட்டி, அந்தத் தண்ணீர் கிளாஸை நாற்காலிப் பக்கம் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். கைக்கு எட்டாதவருக்கு நகர்த்துவோமே, அப்படி.

சாப்பிட்டார்கள். மிலோஷ் எழுந்து செருப்பைப் போட்டார். நான் காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கேட்டேன்.

"எப்ப அனுப்புவீங்க?"

"எதை?"

"மேடத்தை."

மிலோஷ் சிரித்தார். "அது புத்தகத்தில் கடைசிப் பாகம், ராஜி. உன் சேர் இன்னும் அங்கே வரவில்லை. அவர் எறும்பு. வரிசையை விட்டு நகர மாட்டார். யல்லா, பை!"

சேர் சிரிக்கவில்லை. துண்டை எடுக்கவும் இல்லை.

2

எங்கள் பக்கத்துப் பத்திரிகைக்காரர் வெளிநாட்டில் இருப்பவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். நடந்ததை நடந்தபடி எழுதுவேன். அதற்கு மேல் வராது.

ஊர் இலங்கையில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். கொழுந்து எடுத்தேன். புருஷன் போனபின் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிற சப் ஏஜன்ட் ஒருவர் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தார். மகனுக்கு அப்போது நாலு வயது. தங்கச்சியிடம் விட்டேன். குவைத்தில் இரண்டு வீடு, பிறகு அல் ஐனில் ஒரு வீடு, பிறகு இது. மகனுக்கு இப்போது இருபத்தொன்று.

இந்த வீட்டுக்கு வரும்போது லாடாவுக்கு ஆறு வயது. அவர்கள் நாட்டில் சண்டை தொடங்கியபோது சேர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மேடத்தின் அம்மா படுக்கையில். அதனால் மேடம் நின்றுவிட்டார். அம்மாவை வழியனுப்பிவிட்டு வருவதாகப் பேச்சு. விசாவும் போட்டிருந்தது. ஆனால் நோய் வந்து முந்திப் போனது மேடம் தான்.

சேரால் போக முடியாது. போனால் திரும்ப விடமாட்டார்கள். புதைத்ததைப் போனில் பார்த்தார்கள், அப்பாவும் மகளும் சோபாவில் உட்கார்ந்து. நடுவில் படம் நின்றுவிட்டது. நெட் இல்லை. மறுபடி வரும்போது மண் மூடியாகிவிட்டது.

பிறகு பேப்பர் வேலை. சேரின் விசாப் பைலில் மனைவி என்று ஒரு பெயர் நின்றது. அதை எடுத்தால் தான் என் விசாவைப் புதுப்பிக்கலாம் என்றார்கள். மரணச் சான்றிதழை அரபியில் மாற்றிக் கொண்டுவர வேண்டும். சேருக்கு அரபியும் தெரியும். ஆனால் அவர் மாற்றினால் செல்லாது. முத்திரை உள்ள கடைக்காரர் தான் மாற்ற வேண்டும். கடைக்காரர் அரை மணியில் மாற்றிக் கொடுத்தார். மேடத்தின் அப்பா பெயரில் பிழை. ஊர்ப் பெயரிலும் பிழை.

சேர் ஒரு சொல்லுக்காக ஒரு கிழமை, ஏழு நாளும் சாப்பிடாமல் இருக்கிறவர். அந்தப் பேப்பரை வாசித்தார். மடித்துப் பையில் வைத்தார். காசைக் கொடுத்தார். பிழையைத் திருத்தக் கேட்கவில்லை. அன்று தான் எனக்கு அவரைப் பார்த்துப் பயம் வந்தது.

விசாப் பேப்பர் போடுகிற டைப்பிங் சென்டரில் மலையாளிப் பையன் ரொம்ப நேரம் கம்ப்யூட்டரைத் தட்டினான்.

"போக மாட்டேங்குது சேச்சி. மேடம் பேரு சிஸ்டத்துல நிக்குது. ஒரு தடவை போட்டா எடுக்கிறது கஷ்டம்."

மூன்று தடவை போனோம். பிறகு எடுத்தார்கள்.

3

சேர் மூன்று மாதிரிப் புத்தகம் செய்வார். ஒன்று தத்துவம். செத்தபின் ஆள் இருக்கிறானா என்று நானூறு பக்கம் கேட்கிற புத்தகம். இரண்டாவது, மறைவான சங்கதி. இந்த உலகத்துக்கு மேலே என்ன, கீழே என்ன, எங்கே படி, எங்கே கதவு என்று படம் போட்டது. மூன்றாவது, சர்ச் வருவதற்கு முன்னால் அவர்கள் கிராமத்தில் கும்பிட்ட சாமிகளைப் பற்றி. செத்தவர்களை எப்படிக் கூப்பிட்டுச் சோறு போட்டார்கள் என்பதும் அதில் இருக்கிறது. யாரோ ஊர் ஊராகப் போய்க் கிழவிகளிடம் கேட்டு எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பழைய சாமிகளை இப்போது மறுபடி கும்பிடுகிற கூட்டம் பல நாட்டில் இருக்கிறதாம். மிலோஷ் அதில் ஒருவர். அவர்களுக்கு இங்கிலீஷில் வேண்டும். அதற்குத் தான் இந்த வேலை.

ஒரு நாள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். சேர் தண்ணீர் குடிக்க வந்தார்.

"எது சேர் கஷ்டம்?" என்று கேட்டேன். எங்களுக்குள் பேச்சு உடைந்த இங்கிலீஷில். நான் பாதி சொல்வேன், அவர் மீதியைப் பிடித்துக்கொள்வார்.

"தத்துவக்காரன் கேள்வி கேட்கிறான். கேள்வியை எந்தப் பாஷையிலும் கேட்கலாம். மற்றவன் படம் போடுகிறான். அதையும் தூக்கி இந்தப் பக்கம் வைத்துவிடலாம். கிராமத்துக்காரி ஒன்றும் கேட்கவில்லை. மேசை போட்டுவிட்டு, வா என்கிறாள். அது தான் வர மாட்டேன் என்கிறது."

அவர் வேலை செய்கிற முறை ஒன்று உண்டு. எழுதினதை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்காமல் விடமாட்டார். ஹாலில் நடந்துகொண்டே சொல்வார். ஒரு சொல்லை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து. பேப்பரில் சரியாக இருப்பது காதில் பிழையாகும் என்பார். அடுத்த வரிக்குப் போக வேண்டும் என்றால் இந்த வரி வாயில் உட்கார வேண்டும்.

தத்துவப் புத்தகத்துக்கு அது பரவாயில்லை. அதைக் கேட்டு யாரும் வரப்போவதில்லை.

அழைக்கிற பாகம் எட்டே வரி. கெஞ்சுகிற மாதிரியும் இருக்கக் கூடாதாம். அதட்டுகிற மாதிரியும் இருக்கக் கூடாதாம். பக்கத்து அறையில் இருக்கிற ஆளைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரல் வேண்டுமாம். அந்த எட்டு வரியில் சேர் மாதக்கணக்காக நின்றார். பெயர் சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு பெயர் வேண்டுமே. வேரா என்று சொன்னார். தினமும் பொழுது சாய்கிற நேரம், எத்தனையோ தடவை. நான் வெங்காயம் உரிப்பேன். லாடா ஹோம்வொர்க் செய்வாள். சேர் நடப்பார். வேரா. நிறுத்துவார். ஒரு சொல்லை மாற்றுவார். வேரா.

வருஷ நினைவு நாள் வந்தது இதற்கு நடுவில். அதன் பிறகு தான் மற்றதெல்லாம்.

4

நான் மேடத்தைப் பார்த்தேன் என்று எழுத மாட்டேன். பார்க்கவில்லை.

லாடா இங்கே வந்து இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போன பிள்ளை. அம்மா செத்தபின் தன் பாஷையை விட்டுவிட்டாள். சேர் ரஷ்யனில் கேட்பார், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். சேர் முகம் அப்படியே விழுந்துவிடும். பிறகு அவரும் இங்கிலீஷுக்கு மாறினார்.

நினைவு நாள் முடிந்த மறுநாள், அந்தத் தட்டை எடுக்கப் போனேன்.

"விடு, ராஜி. அவங்க இன்னும் முடிக்கல" என்றாள்.

தட்டில் பிளினி அப்படியே இருந்தது. விட்டேன்.

அன்று பொழுது சாய்ந்ததும் அந்த நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து பேசத் தொடங்கினாள். ரஷ்யனில். பேசிவிட்டு நிறுத்துவாள். எதிரில் ஒரு ஆள் பேசி முடிக்கிற அளவு நேரம் போகும். தலையை ஆட்டுவாள். ஒரு தடவை சிரித்தாள். ஒரு தடவை, "இல்ல, இல்ல" என்பது போல் கையை ஆட்டினாள். பொம்மையோடு பேசுகிற பிள்ளைகளை நான் வளர்த்திருக்கிறேன். பொம்மைக்கு அவர்களே குரல் கொடுப்பார்கள். லாடா குரல் கொடுக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள்.

சேர் கதவருகே நின்று பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"அவளுக்குப் பாஷை திரும்பிவிட்டது" என்றார். சந்தோஷமாகச் சொன்னார்.

ஜன்னல் துண்டைச் சேர் எடுத்து வைக்க விடவில்லை. வெளியே தொங்கிய பாதி ஈரம். அது சரி, வெளியே புழுக்கம். உள்ளே இருந்த பாதியும் ஈரம். பிழிந்தால் சொட்டாது, ஆனால் முகம் துடைத்த துண்டு போல் ஓர் இடத்தில் மட்டும் நனைந்திருந்தது. காயவைத்து மறுபடி தொங்கவிட்டேன். மறுநாளும் அதே இடம். ஏசி தண்ணீர் என்று நினைத்துக்கொண்டேன்.

கீழே வாட்ச்மேன் பாண்டி. ராமநாதபுரத்துப் பையன். குப்பை கொண்டுபோனால் பிடித்துக்கொள்வான்.

"யக்கா, உங்க வீட்டு மேடம் வந்துட்டாங்களா?"

"எந்த மேடம்?"

"இன்டர்காம்ல யாரோ கூப்பிடுறாங்க. எழுநூத்தி ரெண்டுன்னு காட்டுது. எடுத்தா பேச்ச காணோம். மூச்சு மட்டும் கேக்குது. உங்களா இருந்தா எடுத்த ஒடனே என்னைய திட்டிருவீங்களே."

"லைன் பழுதா இருக்கும்."

"லைனு மூச்சு விடுமாக்கா?"

"வேலையப் பாரு."

"பாக்குறேன் பாக்குறேன். உங்க ஊரு மந்திரம் எதுவும் வெச்சுட்டுப் போயிராதீங்க. இன்னும் ரெண்டு மாசத்துல நான் லீவுல போகணும்."

நானும் சிரித்தேன். லிப்டில் ஏறியபின் சிரிப்பு வரவில்லை.

இதெல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும். பயம் எனக்குப் பழகும். பழகாதது சாப்பாடு.

அந்தப் புத்தகத்தில் ஒரு முறை இருக்கிறது. வந்தவர் முதலில் சாப்பிட்டு முடிக்க வேண்டும். பிறகு தான் வீட்டு ஆட்கள். லாடாவுக்கு அது தெரியும், அப்பா சொல்லிச் சொல்லிக் கேட்டது. தினமும் தன் சாப்பாட்டில் பாதியை அந்தத் தட்டில் வைப்பாள். கையைக் கட்டிக்கொண்டு உட்காருவாள்.

"சாப்பிடு பிள்ளை."

"அம்மா முடிக்கட்டும்."

முடியுமா? நான் அந்தப் பக்கம் போனதும் இரண்டு வாய் எடுத்து வைப்பாள், என் மனசுக்காக. பள்ளிக்கூட டப்பா அப்படியே திரும்பி வந்தது. கன்னம் ஒட்டியது. சட்டை தோளில் நிற்கவில்லை. தலை சீவும்போது முடி கொத்தாகச் சீப்பில் வந்தது.

கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். மலையாளி நர்ஸ் தராசில் நிற்க வைத்தார். முன்பு இருபத்தாறு கிலோ இருந்த பிள்ளை. இப்போது இருபத்தொன்று.

டாக்டர் எகிப்துக்காரர். நல்ல மனுஷர். சேரிடம் நேராகச் சொன்னார். "இரண்டு கிழமை தருகிறேன். இன்னும் இறங்கினால் ஆஸ்பத்திரியில் வைத்து மூக்கால் குழாய் போட வேண்டியிருக்கும். இதயத்தில் போய் நிற்கும் இது."

வரும்போது காரில் லாடா பின் ஸீட்டில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். நடு ஸீட்டை விட்டு. பக்கத்து பெல்ட்டையும் போட்டுவிட்டிருந்தாள்.

5

எங்கள் தோட்டத்தில் ரோதமுனி என்று ஒரு சாமி உண்டு. தேயிலை பேக்டரிச் சக்கரத்துக்குக் காவல். வருஷத்துக்கு ஒரு தடவை உடுக்கடித்து இறக்குவார்கள். ஆடுகிறவர் மேல் வரும். கேட்கிறவர்கள் கேட்பார்கள். பிறகு மலையேற்றிவிடுவார்கள். கற்பூரம் காட்டி, தண்ணீர் கொடுத்து, போயிட்டு வா சாமி என்று சொல்லி. ஆடினவர் கீழே விழுந்து எழுந்தபின் தான் ஜனம் கலையும். மழை ஊற்றினாலும் அது முடியாமல் ஒருத்தரும் லயத்துக்குப் போனது கிடையாது. ஏன் என்று யாரும் சொல்லித் தரவில்லை. நானும் கேட்டதில்லை.

எனக்கு இது புரிந்தது சாமியால் இல்லை. டெலிபோனால்.

குவைத்தில் முதல் வீட்டில் வெள்ளிக்கிழமை மட்டும் போன் தருவார்கள். தங்கச்சி வீட்டுக்குப் போன் எடுத்துப் பேசுவேன். மகன் வருவான். "எப்பம்மா வருவ?" "வந்துருவேன்யா." அதே கேள்வி, அதே பதில். போன் கட்டானதும் அவன் அந்தப் போனைத் தூக்கித் தன் ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வானாம். அம்மா இன்னும் உள்ளே இருக்கிறாள், சாப்பிட்டபின் பேசுவாள் என்பானாம். ரொட்டியைப் பிய்த்துப் போனுக்கு முன்னால் வைப்பானாம். தான் சாப்பிட மாட்டானாம். வெள்ளி, சனி, ஞாயிறு வரை அப்படிப் போகுமாம்.

தங்கச்சி ஒரு நாள் சொன்னாள். "அக்கா, கோவிச்சுக்காத. நீ பேசாம இரு கொஞ்ச நாளைக்கு. நீ பேசினா இவன் இங்க இல்ல."

கடைசியாக ஒரு தடவை எடுத்தேன். வருவேன் என்று சொல்லவில்லை. "அம்மா தூரமா வேலைக்குப் போறேன்யா. இனி போன்ல வர மாட்டேன். நீ சித்தியோட சாப்பிடு" என்றேன். வைத்தேன். ஒரு வருஷம் எடுக்கவில்லை.

அவன் சாப்பிட்டான். சித்தியை அம்மா என்று கூப்பிட்டான். இப்போது கொழும்பில் போன் கடையில் வேலை. எடுத்தால், "சொல்லுங்க, ஹலோ, கஸ்டமர் நிக்குறாங்க" என்பான். சிங்களமும் இங்கிலீஷும் கலந்து வரும். பாதி எனக்குப் புரியாது. நல்ல உடம்பு. போட்டோ அனுப்புவான்.

6

கிளினிக் போய்வந்த மூன்றாம் நாள். பொழுது சாயத் தொடங்கியது. சேர் பேப்பரை எடுத்துக்கொண்டு நடக்க எழுந்தார். நான் குசினியிலிருந்து வந்து அவர் நடக்கிற வழியில் நின்றேன்.

"சேர், கடைசிப் பாகத்தைச் சொல்லுங்க."

"அங்கே இன்னும் வரவில்லை."

"வாங்க."

"இது சரியாக வராமல் அங்கே போக முடியாது, ராஜி. பிழையான வரியைத் தாண்டினால் பின்னால் எல்லாம் பிழையாகும்."

"சரியாத்தான் வந்திருக்கு சேர். அதனாலதான் பிள்ளை சாப்பிடல."

அவர் பேப்பரை மேசையில் போட்டார். "நீ அதை நம்புகிறாயா? அவள் இங்கே இருக்கிறாள் என்று?"

"எனக்குத் தெரியாது. பிள்ளை நம்புது. நீங்களும் நம்புறீங்க."

"நான் நம்புகிறேனா என்பது பற்றி நானூறு பக்கம் இருக்கிறது."

"பிள்ளை இருபத்தொரு கிலோ தான் இருக்கு."

அவர் உட்கார்ந்தார். "ஒரு வருஷமாக அவள் எங்கள் பாஷையில் ஒரு சொல் பேசவில்லை. இப்போது பேசுகிறாள். அதையும் எடுத்துவிடச் சொல்கிறாயா?" என்றார்.

"உங்களோடயா பேசுறா?"

அவர் அந்த நாற்காலியைப் பார்த்தார்.

மகன் கதையைச் சொன்னேன். என் இங்கிலீஷில் அது ரொம்பச் சின்னது. நான் டெலிபோன். பேபி நோ ஈட். நான் பை சொன்னேன். பேபி ஈட். அவ்வளவு தான். சேர் மீதியைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தனை நாளில் சாப்பிட்டான்?"

"அடுத்த கிழமை."

"நீ?"

"எனக்கு ட்யூட்டி இருந்துச்சு சேர்."

அவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். "நான் ஒரு பிடி மண் கூடப் போடவில்லை, ராஜி. படம் நின்றுவிட்டது. மறுபடி வரும்போது முடிந்துவிட்டது."

"இப்ப போடுங்க."

லாடாவைக் கூப்பிட்டார். அவள் வந்து நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தாள். என்ன என்று கேட்டாள். சேர் ரஷ்யனில் சொன்னார். அவள் முகம் வெளுத்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "நோ, நோ, ஷி இஸ் ஸ்டில் ஈட்டிங்" என்று கத்தினாள். எனக்குப் புரிகிற பாஷையில் கத்தினாள், நான் காப்பாற்றுவேன் என்று.

நான் அசையவில்லை. அது என் வாழ்க்கையில் இரண்டாவது தடவை.

சேர் தானே முழங்காலில் உட்கார்ந்து அந்தத் தட்டை எடுத்தார். தட்டில் அன்று மத்தியானம் லாடா வைத்த சோறு. ஒரு கரண்டி எடுத்து நாற்காலிக்கு நேரே பிடித்தார். வைத்தார். பிறகு லாடாவிடம் ஏதோ சொன்னார். அவள் அழுதுகொண்டே அதே மாதிரி ஒரு கரண்டி பிடித்தாள். ரொம்ப நேரம் பிடித்தாள். பிறகு அவளே வைத்தாள்.

சேர் எழுந்து வாசல் கதவைத் திறந்துவிட்டார். கடைசிப் பாகத்தைச் சொன்னார். பேப்பர் இல்லை. அவர் பாஷையில் மட்டும். நடக்கவில்லை, நின்ற இடத்தில் நின்று சொன்னார். ஓர் இடத்தில் நாக்குப் பிசகியது. எனக்கே தெரிந்தது. நிறுத்தி முதலிலிருந்து தொடங்குவார் என்று நினைத்தேன். தொடங்கவில்லை. பிசகினது பிசகினபடி விட்டு அடுத்த சொல்லுக்குப் போனார். அவரோடு இருந்த காலத்தில் அப்படி நான் கேட்டது அது ஒன்று தான்.

முடிந்ததும் கிளாஸ் தண்ணீரை வாசற்படியில் ஊற்றினார். தண்ணீர் வெளியே மார்பிளில் ஓடி லிப்டுப் பக்கம் போனது.

லாடா மூக்கை உறிஞ்சினாள். சின்னக் குரலில் அப்பாவைக் கேட்டாள். சேர் எனக்குச் சொன்னார், "லிப்டில் எப்படி இறங்குவது என்று அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்கிறாள்."

அப்போது லிப்ட் வந்தது. ஏழாம் மாடியில் நின்று திறந்தது. உள்ளே விளக்கு, கண்ணாடி. ஆள் இல்லை. வழக்கத்தை விடக் கொஞ்சம் கூடுதல் நேரம் திறந்து நின்றது. மூடியது. கீழே இறங்கியது. எண்கள் ஒவ்வொன்றாக மாறுவதை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இன்டர்காம் அடித்தது. நான் எடுத்தேன்.

"யக்கா, யாரு இப்ப எறங்குனது?" பாண்டி.

"ஏன்?"

"லிப்டு காலியா வந்துச்சு. ஆனா வாசக் கண்ணாடிக் கதவு தானா தெறந்து மூடிக்கிருச்சு. ஆள் கிட்ட போனாத்தான தெறக்கும் அது? சென்சார் போச்சு போல. நாளைக்கு ஆள வரச் சொல்லணும்."

"வரச் சொல்லு" என்றேன்.

ஜன்னல் துண்டை எடுத்தேன். ரெண்டு பாதியும் காய்ந்திருந்தது. மடித்து வைத்தேன். நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளினேன். லாடா தடுக்கவில்லை. அப்பாவின் மடியில் முகம் புதைத்திருந்தாள். அவர் அவள் காதில் மெதுவாக ஏதோ சொன்னார். அவள் பதில் சொன்னாள். எந்தப் பாஷை என்று நான் காது கொடுக்கவில்லை. அது அவர்கள் பாடு.

7

இரண்டு நாள் கழித்து மிலோஷ் வந்தார். நடந்ததைக் கேட்டார். மேளத்தைக் கீழே வைத்தார்.

"அப்படியானால் கடைசிப் பாகம் தயார். எப்போது எழுதித் தருகிறாய்?"

"எழுத மாட்டேன்" என்றார் சேர்.

"என்ன சொல்கிறாய்? எட்டு நாட்டு ஆட்கள் காத்திருக்கிறார்கள்! கதவைத் திறக்க மந்திரம் கொடுத்துவிட்டு மூட மாட்டேன் என்கிறாயா?"

"அழைப்பதையும் எடுத்துவிட்டேன். இரண்டும் புத்தகத்தில் இருக்காது. அவரவர் வீட்டில் அவரவர் வாயில் வருவதைச் சொல்லட்டும்."

"நாலு மாத வேலை, வதீம்!"

"ஹலாஸ். முடிந்தது" என்றார் சேர்.

மிலோஷ் என்னைப் பார்த்தார். "எல்லாம் நீ செய்தது."

"டீ போடவா சேர்?" என்று கேட்டேன்.

"போடு. சீனி மூன்று கரண்டி. வருத்தமாக இருக்கிறேன்" என்றார் மிலோஷ்.

முதல் நாலு நாள் கஷ்டம். லாடா கஞ்சி குடிப்பாள், வாந்தி எடுப்பாள். வயிறு சுருங்கியிருந்தது. என்னோடு பேசவில்லை. தலை சீவ வந்தால் தட்டிவிட்டாள். பரவாயில்லை. ஒரு மத்தியானம் எனக்காகத் தேங்காய் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். குசினி வாசலில் வந்து நின்றாள். ஒன்றும் சொல்லாமல் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். மிளகாய் இடித்த கட்டைச் சம்பலில் தொட்டு ஒன்று. உறைத்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி பிய்த்தாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். திரும்பினால் நிறுத்திவிடுவாள் என்று பட்டது.

டாக்டர் சொன்ன நாள் வந்தது. சேர் டை கட்டிக்கொண்டு வந்தார், ஏன் என்று தெரியாது. காரில் லாடா நடு ஸீட்டில் உட்கார்ந்தாள்.

கிளினிக்கில் அதே நர்ஸ். செருப்பைக் கழற்றச் சொன்னார். லாடா தராசில் ஏறினாள். சேர் சுவரைப் பார்த்தார். நான் எண்ணைப் பார்த்தேன். அது கொஞ்சம் ஆடியது. நின்றது.

இருபத்து மூன்று கிலோ.